சரளைக் குழியும் குருவிக் கணக்கும்

(புதுச்சேரியில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, சரளை மண் வெட்டி எடுப்பதால் காட்டுயிர்களுக்கு என்ன நேர்கிறது, அதை எப்படி மதிப்பிடுவது என்பது. தலைப்பைப் பார்த்த தோழர்கள் சிலர் நேரடியாகவே கேட்டார்கள்: "ஏம்ப்பா, மனுசனையே கணக்குல சேக்காத நாடு இது. இதுல குருவிய எண்ணிக்கிட்டு உக்காரச் சொல்றியா?" நியாயமான கேள்வி. அதை ஓரமாக வைத்துவிட்டு நான் பேச முடியாது. சுற்றுச்சூழல் என்கிற பேச்சை இந்த ஊரில் நாம் யார் வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்? கடற்கரைப் பக்கம் குளிரூட்டிய மண்டபத்தில் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் வாயிலிருந்துதான். அந்தப் பேச்சில் மரம் உண்டு, பறவை உண்டு, சேரி கிடையாது. சேரி வந்தால் குப்பையாக வரும், அல்லது ஏரி ஆக்கிரமிப்பாக வரும். ஆகவே நமக்கு அதன் மேல் சந்தேகம். சந்தேகம் இருக்கட்டும். அந்தச் சந்தேகத்தையும் கையில் எடுத்துக்கொண்டே இந்த விஷயத்துக்குள் போகலாம் என்கிறேன்.

நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் எழுத்தர். விலங்கியல் படித்தவனல்ல. ஆனால் கணக்கு என்றால் என்ன, கணக்கை யார் எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்பது என் அன்றாட வேலை. இந்தத் தலைப்பில் இருக்கிற 'மதிப்பீடு' என்கிற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். புதுச்சேரி மண்டலம் என்பது ஒரே துண்டாகக் கிடக்கிற நிலமல்ல. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டைபோட்டுப் பங்கு பிரித்ததில் சிதறின துண்டுகள். நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள். ஒரு ஊரில் இறங்கி நடந்தால் ரெண்டு தடவை மாநில எல்லையைத் தாண்டிவிடலாம். இந்த நகரத்தில் எழும்பும் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் கல்லூரிக் கட்டடத்துக்கும் வேண்டிய கல்லும் மண்ணும் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது. வானூர் வட்டத்துச் செம்மண் மேடுகள், திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரிகள், சங்கராபரணி ஆற்று மணல், தெற்கே தென்பெண்ணை மணல். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் போகிற நான்குவழிச் சாலை வந்தபோது மேடு போட எவ்வளவு மண் இறங்கியது என்பதை ரோட்டோரம் குடியிருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். லாரிக்காரர் இதைக் கிராவல் என்பார், கொத்தனார் சரளை என்பார், சட்டம் 'சிறு கனிமம்' என்று சொல்லும்.

இந்த 'சிறு' என்கிற அடைமொழியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1957ஆம் வருடத்துச் சுரங்கம் மற்றும் கனிமங்கள் சட்டம் கட்டடக்கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றைச் சிறு கனிமம் என்று ஒதுக்கி, அவற்றுக்கு விதி செய்கிற அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. இரும்பும் நிலக்கரியும் பெரிசு, சரளை சிறிசு. ஆனால் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? உலகம் ஒரு வருடத்துக்குப் பயன்படுத்தும் மணலும் சரளையும் 5,000 கோடி டன். தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் அதிகம் பயன்படுத்தும் இயற்கைப் பொருள் இதுதான். எடையில் பெரிசு, அழிவில் பெரிசு, பேரில் மட்டும் சிறிசு. சின்னது என்று பெயர் வைத்துவிட்டால் கண்காணிப்பும் சின்னதாகிவிடும். பெயர் வைப்பது அதிகாரம் என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரளை கிடக்கிற நிலத்துக்கு வருவாய்த்துறை வைத்த பெயர்களையும் பாருங்கள்: தரிசு, புறம்போக்கு. வரி வராத நிலம் என்பதுதான் அதற்கு அர்த்தம். உயிர் இல்லாத நிலம் என்று அர்த்தமில்லை. ஆனால் கலெக்டர் ஆபீஸ் கோப்பில் 'தரிசு' என்று ஒரு சொல் ஏறிவிட்டால், அங்கே இருக்கிற சூரைப்புதர், காரை, பனை, கற்றாழை, அதற்குள் இருக்கிற கவுதாரி, காடை, முயல், உடும்பு, கீரி, குள்ளநரி எல்லாம் ஒரே அடியில் இல்லை என்றாகிவிடும். ஊர்க்கோடிக்கு வெளியே கிடப்பதெல்லாம் காலியிடம் என்கிற பார்வை நமக்குப் பழக்கமானது. நாமும் அந்தக் கோடிக்கு வெளியேதான் வைக்கப்பட்டோம்.

திருவக்கரைக்குப் போனவர்கள் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சுமார் இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள், கல்லாகிக் கிடக்கின்றன. 1781லேயே சொன்னரா என்கிற பிரெஞ்சு இயற்கையியலாளர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வேலி போட்டுப் பூங்காவாக வைத்திருக்கிறது. வைத்திருக்கட்டும். செத்துக் கல்லான மரத்துக்கு வேலி இருக்கிறது. அதே மண் அடுக்கின் மேல் உயிரோடு நிற்கிற முள்காட்டுக்கு வேலி கிடையாது, பொக்லைன்தான். பழைய ஆறுகள் லட்சக்கணக்கான வருடங்களாகக் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்லும் மண்ணும்தான் இந்த மேடுகள். அஞ்சு வருசக் குத்தகைக்கு எடுத்தால் அந்த மேடு குழியாகிவிடும். திரும்ப வராது.

இனி அந்த நிலத்தில் இருப்பவர்களைப் பார்ப்போம். ஆள்காட்டிக் குருவி. நம் பாஷையில் ஆள்காட்டி என்றால் காட்டிக்கொடுப்பவன், இயக்கத்தில் இருப்பவர்களுக்கு அது வசவு. ஆனால் இந்தப் பறவை காட்டிக்கொடுப்பது திருட்டுத்தனமாக வருகிறவனை. நடுராத்திரி டிப்பர் வந்தாலும் முதலில் கத்துவது அதுதான். இது மரத்தில் கூடு கட்டாது. சரளைத் தரையில் லேசாகப் பள்ளம் பறித்து, நாலு கூழாங்கல்லைக் கூட்டி வைத்து, அதற்கு நடுவில் முட்டையிடும். வழக்கமாக நாலு முட்டை. முட்டையும் கல் நிறம். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கோடையில் கல் சுடும்போது தாயும் தகப்பனும் தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். இதன் அடைகாலம் பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி வரை. குவாரியில் வேலை மும்முரமாக நடக்கிற காலமும் அதே கோடைதான், மழை வந்தால் லாரி இறங்காது. ஆக, அந்தக் குருவியின் மறைப்பே அதற்கு எமன். நரிக்கும் காக்கைக்கும் தப்பிய முட்டை டயருக்குத் தப்பாது. டிரைவர் கண்ணுக்கும் அது கல்தான், அறிக்கை எழுதுகிறவர் கண்ணுக்கும் அது கல்தான்.

அடுத்தது கொம்பன் ஆந்தை. செம்மண் ஓடைகளின் செங்குத்தான கரைகளிலும் பாறை இடுக்குகளிலும் குடியிருக்கும். புதுச்சேரியைச் சுற்றி இதன் இரையை ஆராய்ந்தவர்கள், வயலெலியும் மற்ற கொறிப்பன்களும்தான் பிரதானம் என்று எழுதியிருக்கிறார்கள். பாறையில் வெடி வைத்து, ஓடைக் கரையை வெட்டி எடுத்தால் ஆந்தை போகும். ஆந்தை போனால் எலி நிற்கும். எலி நின்றால் விவசாயி மருந்துக்கடைக்குப் போவான். விஷம் வைத்த வயலில் எலி பிடித்துச் சாப்பிட முடியாமல் போவது யார்? இருளர்கள். எலி வளையைத் தோண்டி அதில் இருக்கிற நெல்லையும் எடுத்து உலைவைத்தவர்கள். ஆந்தைக் கணக்கு எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

ஆற்றுக்கு வருவோம். அயிரை மீன் எல்லோருக்கும் தெரியும். மணலுக்குள் தலையை விட்டுப் புதைந்துகொள்ளும். மணல் இல்லாத ஆற்றில் அயிரை இல்லை. கல்லைக் கழுவுகிற இடங்களிலிருந்து இறங்கும் சேறு சரளையின் இடுக்குகளை அடைத்துக்கொண்டால், அந்த இடுக்கில் வளர வேண்டிய முட்டைகளும் புழுக்களும் மூச்சுமுட்டிச் சாகும். புழு இல்லாவிட்டால் மீனில்லை, மீனில்லாவிட்டால் மீன்கொத்தி இல்லை. மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டித்தான் குஞ்சு பொரிக்கும். கரையை வெட்டினால் வீடும் போச்சு, சோறும் போச்சு.

ஆற்றியல் படித்தவர்கள் 'பசித்த தண்ணீர்' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஓடுகிற ஆறு தன் சக்திக்கேற்ப மணலையும் கல்லையும் சுமக்கும். அந்தச் சுமையை நாம் பறித்துக்கொண்டால் தண்ணீர் வெறுங்கையோடு போகாது. பசியோடு கரையைத் தின்னும், பாலத்தின் காலைத் தின்னும், படுகையைத் தோண்டும். படுகை இறங்கினால் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கும், ஏரிக்குப் போகிற வாய்க்காலின் தலைமதகு ஆற்றுக்கு மேலே நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும். ஆறு கொண்டுபோகிற மணல்தான் கடற்கரைக்கும் தீனி. புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 1980களின் கடைசியில் துறைமுகக் கற்சுவர் வந்து கடலோர மணல் ஓட்டத்தை மறித்ததும் நகரத்தின் கடற்கரை என்ன ஆனது என்று தெரியும். வடக்கே மீனவர் குப்பங்களை அலை தின்றது. மணல் இல்லாத கரையில் பங்குனி ஆமை எங்கே ஏறி முட்டை வைக்கும்? வடக்கே சம்பல் ஆற்றில் முதலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரியால் மணல் திட்டில்தான் முட்டையிடும். அங்கேயும் மணல் லாரிதான் அதன் எதிரி. ஒரு டிப்பர் மணலின் கதை ஆற்றோடு முடியாது, கடல்வரை போகும்.

சரி, இதையெல்லாம் யார் மதிப்பிடுகிறார்கள்? வங்கியில் நகைக்கடன் வாங்கப் போயிருப்பீர்கள். நம் வீட்டுப் பெண்கள் தாலிக்குண்டைக்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பார்கள். நகையை உரசிப் பார்க்க அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரை நியமிப்பது வங்கி. நகை கொண்டுவருகிறவர் தன் சொந்த மதிப்பீட்டாளரைக் கையோடு கூட்டிவந்து, அவருக்குத் தானே சம்பளம் கொடுத்து, "இது இருபத்திரண்டு காரட்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் எந்த வங்கியாவது கடன் கொடுக்குமா? ஆனால் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கிற முறை அதுதான். ஆய்வு செய்கிற ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது குவாரி போடுகிறவர், காசு கொடுப்பதும் அவர். ஒரு பவுன் நகைக்கு இருக்கிற பாதுகாப்பு ஒரு ஆற்றுக்கு இல்லை.

இன்னொன்று, ஆரம்ப இருப்பு. எந்தப் பேரேட்டிலும் முதல் வரி அதுதான். அது தப்பானால் கடைசி வரி வரைக்கும் தப்பு. இங்கே என்ன நடக்கிறது? பக்கத்தில் ஏற்கெனவே பத்துக் குழி வெட்டின இடத்தில், பதினோராவது குழிக்கு ஆய்வு பண்ணுகிறார்கள். குருவி ஓடிப்போன பிறகு வந்து எண்ணிவிட்டு, "இப்பகுதியில் அரிய உயிரினங்கள் ஏதும் இல்லை" என்று எழுதினால், அது பொய்யல்ல, ஆனால் நியாயமுமல்ல. களவு போன வீட்டுக்குள் நுழைந்து, வீட்டில் ஒன்றுமே இருந்ததில்லை என்று மகஜர் எழுதுவது மாதிரி. அதுவும் ஒரே பருவத்துக் கணக்கு. கார்த்திகை மார்கழியில் ஊசுட்டேரிக்கும் கழுவெளிக்கும் வருகிற வலசைப் பறவையைச் சித்திரையில் போய்த் தேடினால் எங்கே இருக்கும்?

இன்னொரு தந்திரம் துண்டு போடுவது. இந்தச் சட்டக் கதையை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 2006ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 5 ஹெக்டேருக்கும் குறைவான குவாரியைக் கணக்கில் எடுக்கவில்லை. உடனே எல்லாக் குவாரியும் நாலே முக்கால் ஹெக்டேராகக் குறுகிவிட்டது. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் கீழே இருந்தாலும் சிறு கனிமக் குத்தகைக்கு அனுமதி வேண்டும் என்றது. 2016 ஜனவரி 15இல் மத்திய அரசு அந்த அனுமதியைத் தருகிற அதிகாரத்தை மாவட்ட அளவுக்கு இறக்கியது. சிறிய குவாரிக்கு மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம், தாக்க அறிக்கையும் வேண்டாம் என்றானது. 2018 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அது செல்லாது என்றது. 2020 மார்ச் 28இல், ஊரடங்கில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாளில், சாலை மாதிரி நீண்டுபோகிற திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன் அனுமதியே தேவையில்லை என்று இன்னொரு அறிவிக்கை. அதை உச்சநீதிமன்றம் 2024 மார்ச் 21இல்தான் ரத்து செய்தது. நாலு வருசம். நாலு வருசத்தில் எத்தனை மேடு காணாமல் போயிருக்கும்? ரத்து செய்கிற தீர்ப்பு வெட்டின மேட்டைத் திரும்பக் கொண்டுவராது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. ஊசுட்டேரிக்குப் பக்கத்தில், வானூர் வட்டத்தில் இருக்கிறது பூத்துறை. அங்கே 2006க்கும் 2011க்கும் இடையில் அனுமதித்த அளவுக்கு மேல் செம்மண் எடுத்ததாக 2012இல் வழக்குப் பதிவானது. அரசுக்கு 28 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்பது குற்றச்சாட்டு. குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை, நான் அதற்குள் போகவில்லை. நான் கேட்பது வேறு. அந்த இழப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது? எத்தனை லோடு, லோடுக்கு என்ன விலை என்று. அது அரசாங்கத்துக்கு வரவேண்டிய காசின் கணக்கு. அந்த மேட்டில் பெய்த மழை ஏரிக்குள் எப்படி இறங்கியது, இப்போது எங்கே தேங்குகிறது, அங்கே அடைகாத்தது என்ன, மேய்ந்தது என்ன, விறகும் கீரையும் பொறுக்கியவர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. உரிமத்தொகை ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்தக் கணக்குப்படி இழப்பு சைபர். இதுதான் என் கவலை. திருட்டு மணலை மட்டும் எதிர்த்தால் போதாது, ரசீது போட்டு எடுக்கிற மணலும் அதே ஆறுதான்.

இந்த ஊசுட்டேரியையே பாருங்கள். பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. புதுச்சேரி தன் பாதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பாதியைப் பின்னாளில்தான் அறிவித்தது. நீர்க்கோழிக்குத் தெரியுமா எல்லைக்கல் எங்கே என்று? ஏரிக்கு இந்தக் கரையில் சட்டம், அந்தக் கரையில் லாரி. மதிப்பீடு மாநில எல்லையில் நின்றுபோகும். தூசி நிற்காது, சத்தம் நிற்காது, தண்ணீர் நிற்காது.

மதிப்பீட்டில் இன்னொரு சிக்கலையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கருத்துக்கேட்பில் ஒரு நிபுணர் எழுந்து நம்மை மடக்கிவிடுவார். குவாரிக் குழியில் தண்ணீர் தேங்கியதும் நீர்க்காகம் வரும், மீன்கொத்தி வரும். புதிதாக வெட்டின மண் சுவரில் பஞ்சுருட்டான் வளை தோண்டும். அந்த நேரத்தில் வந்து எண்ணினால் பறவை கூடியிருக்கிறது என்றுகூடக் காட்டலாம். ஆனால் அடுத்த மாதம் அதே சுவரைப் பொக்லைன் மறுபடி சீவும், வளைக்குள் குஞ்சோடு. குழி செங்குத்தாக இறங்குகிறது, அதற்குக் கரை என்று ஒன்று இல்லை. கொக்குக்கும் நாரைக்கும் முழங்கால் அளவுத் தண்ணீர் வேண்டும். அது குழியில் கிடையாது. அதே செங்குத்துக் குழியில்தான் குளிக்க இறங்கின நம் பிள்ளைகள் ஏற முடியாமல் போகிறார்கள். ஆக, எத்தனை பறவை வந்தது என்பது பாதிக் கேள்வி. எத்தனை குஞ்சு பறந்து போனது என்பதுதான் முழுக் கேள்வி. ஒருநாள் வந்து எண்ணுகிறவருக்கு அது தெரியாது. அங்கேயே கிடப்பவர்களுக்குத் தெரியும்.

யார் அங்கேயே கிடப்பவர்கள்? ஆடு மேய்க்கிறவர்கள், வயலில் நண்டும் நத்தையும் பொறுக்குகிற நம் பெண்கள், பாம்பும் எலியும் பிடிக்கிற இருளர்கள். எந்தப் புதரில் எந்த உயிர், எந்த மாதம் முட்டை, எந்த வருசத்தோடு அது காணாமல் போனது என்பது அவர்கள் மனசில் இருக்கிற பேரேடு. அரசு அதை அறிவு என்று ஒத்துக்கொள்வதில்லை. 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது இருளர் தொழில் ஒரேயடியாகக் குற்றமானது. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகுதான் அதே கைத்திறன் விஷமுறி மருந்துக்கு ஆதாரமாகி மரியாதை பெற்றது. புதுச்சேரியில் இருளர்களைப் பட்டியல் பழங்குடி என்று அறிவிக்கவே 2016 ஆனது. கழுவெளியில் 5,151 ஹெக்டேரை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். கூடவே ஒரு கேள்வி: சரணாலயம் என்று பலகை நட்டால் முதலில் தடுக்கப்படுவது எது, சேற்றில் இறால் தடவுகிற இருளப் பெண்ணின் கையா, சரளை ஏற்றிப் போகிற டிப்பரா? பறவையைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தப் பெண்ணை விரட்டினால், அந்தச் சரணாலயத்தில் நடந்ததைச் சொல்ல ஒரு சாட்சியும் மிஞ்சாது.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். அந்த டிப்பரை ஓட்டுவது யார்? பெரும்பாலும் நம் பையன்கள்தான். கல் உடைப்பது யார்? நாம்தான். ஃபரிதாபாத் கல் குவாரிகளில் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களுக்காக 1983 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. கல் தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வந்து சாகிறவர்களின் சாதிக் கணக்கை எடுத்துப் பாருங்கள், தெரியும். குவாரியை மூடு என்று நாம் போய்க் கத்தினால், "உன் குருவிக்காக என் கூலிய நிறுத்துறியா?" என்று நம் தம்பியே கேட்பான். கேட்கத்தான் வேண்டும். அவனுக்குப் பதில் இல்லாத எந்தச் சூழலியலும் நமக்கு வேண்டாம்.

என் பதில் இது. அந்தக் கூலி குத்தகை முடிகிறவரைதான். குத்தகை முடிந்ததும் முதலாளி அடுத்த மேட்டுக்குப் போவான். குழி யாருக்கு? சேரிக்கு. வற்றின கிணறு யாருக்கு? சேரிக்கு. சென்னை மாகாணத்தில் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். நஞ்சையா கொடுத்தார்கள்? ஊர்க்காரன் வேண்டாம் என்று விட்ட மேடும் கல்லாங்காடும்தான் நமக்கு வாய்த்ததில் அதிகம். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். மீட்கப் போராடியபோது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். கல்லாங்காடு என்று ஒதுக்கிய நிலத்துக்கே இன்றைக்குக் கல்லால் விலை வந்திருக்கிறது. விலை வந்ததும் அது யார் நிலம் என்ற கேள்வி மறுபடி எழும். அந்த மேட்டில் என்ன வாழ்கிறது, யார் வாழ்கிறார்கள் என்று எழுதி வைத்திருப்பது அப்போது நிலத்துக்கான சாட்சியமும் ஆகும். குருவிக் கணக்கையும் நிலக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதச் சொல்கிறேன். நம்மைக் குருவியோடு ஒப்பிட்டுக் கண்ணீர் விடுகிற கவிதை எனக்குப் பிடிக்காது. நாம் குருவியல்ல, அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள்.

என்ன செய்யலாம்? மாணவர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். குவாரி வரப்போகிற இடம் ஒன்று, அதேமாதிரி மண், அதேமாதிரி புதர் உள்ள, குவாரி வராத இடம் ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வெட்டுவதற்கு முன்னால் எண்ணுங்கள், வெட்டின பிறகும் எண்ணுங்கள். முன்னே, பின்னே, இங்கே, அங்கே என்று நாலு கட்டம். இங்கே குறைந்து அங்கே குறையாமல் இருந்தால்தான் குழியால் குறைந்தது என்று சொல்ல முடியும். இரண்டிலும் குறைந்திருந்தால் மழை பொய்த்ததாகக்கூட இருக்கலாம். நமக்குச் சாதகமாக வேண்டும் என்பதற்காகக் கூட்டி எழுதாதீர்கள். ஒரு பொய் வரி பிடிபட்டால் நூறு உண்மை வரியும் செல்லாமல் போகும். மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறையாவது, ஒரே பாதை, ஒரே நேரம். சர்வே எண், தேதி, மணி, யார் பார்த்தது என்று எழுதுங்கள். பெயர் ஊரில் சொல்கிற பெயராகவே இருக்கட்டும், அறிவியல் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கூட்டைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள், அளவு தெரியும். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் அளந்து மாதாமாதம் குறியுங்கள். ராத்திரி எத்தனை லாரி, எத்தனை மணிக்கு என்பதும் ஒரு பத்தி. ராத்திரி வேலையில் தனியாகப் போகாதீர்கள், லாரிக்கு முன்னால் நிற்காதீர்கள். நோட்டு முக்கியம், அதைவிட நீங்கள் முக்கியம்.

இந்த நோட்டைக் கொண்டுபோக இடம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சிறு கனிமங்களுக்கான மாவட்ட ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும், வரைவை 21 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2016 அறிவிக்கை சொன்னது. அந்த அறிக்கையில்லாமல் மணல் எடுக்க விட முடியாது என்று 2021இலும், ஆற்றில் மணல் எவ்வளவு திரும்பச் சேர்கிறது என்ற ஆய்வில்லாத அறிக்கை அறிக்கையே ஆகாது என்று 2025 ஆகஸ்டிலும் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த 21 நாள் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று நமக்குத் தெரியாமல்தான் போகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அந்த அறிக்கையைக் கேளுங்கள், உயிரினப் பட்டியல் பக்கத்தை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கிற குவாரிகளை ஒரே தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் அளந்து காட்டுங்கள். நம் மக்கள் புழங்குகிற ஓடை, குளம், பொது நிலத்தை அவர்கள் பயன்படுத்தவிடாமல் சாதியின் பேரில் தடுத்தால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம். குவாரிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளையை 2015 சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. குழிக்கு வேலி, தூர்ந்த கிணறு, நுரையீரல் பரிசோதனை, குவாரி மூடினால் மாற்று வேலை இவற்றுக்கு அந்தப் பணத்தைக் கேட்க வேண்டும். டிப்பர் ஓட்டுகிற தம்பிக்கு நாம் வைக்கிற பதிலில் இதுவும் சேர்த்தி.

நீதிமன்றமும் அறிவிக்கையும் நம்மை விடுவித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மகாத் குளத்தில் 1927இல் அம்பேத்கர் தண்ணீரைத் தொட்டபோது அந்தக் குளம் சட்டப்படி ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதுதான். காகிதத்தில் திறந்திருந்ததைக் கையால் திறக்க வேண்டியிருந்தது. இங்கேயும் அப்படித்தான். விதி காகிதத்தில் இருக்கிறது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போக ஆள் வேண்டும்.

வானூர்ப் பக்கமிருந்தும் வில்லியனூர்ப் பக்கமிருந்தும் வந்திருக்கிற தோழர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். எந்த மேட்டை யார் பார்ப்பது என்று இன்றைக்கே பிரித்துக்கொள்வோம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆரம்ப இருப்பை எழுதியாக வேண்டும்.